இன்ஜின் மாறினால் கிராண்டும் மாறணும்

கிள்ளான், காப்பார், மேரு வட்டாரத்து உதிரிபாகக் கடைகளில் முன்பாதி மட்டும் உள்ள வண்டிகள் அடுக்கிக் கிடக்கும். விபத்தில் போனவை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் வேண்டுமென்றே இரண்டாக அறுத்து, கண்டெய்னரில் ஏற்றி, போர்ட் கிள்ளானில் இறக்கியவை. பட்டறைப் பேச்சில் இவற்றுக்கு ‘ஹாஃப் கட்’ என்று பெயர். இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் பிரியாமல் ஒன்றாக வந்துவிடும். அதனால் பழைய ஜீப்பை உயிரோடு வைத்திருக்க ஆசைப்படும் கோலாலம்பூர்வாசி, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இங்கே வந்து நிற்பார்.

இந்த வியாபாரத்தை நிறுத்த அரசாங்கமே ஒருமுறை முடிவெடுத்தது. 2009 அக்டோபரில் அறிவித்த திருத்திய தேசிய வாகனக் கொள்கையில், பழைய உதிரிபாக இறக்குமதிக்கு 2011 ஜூன் முதல் தடை என்றார்கள். காரணம் சாலைப் பாதுகாப்பு. வியாபாரிகள் கொதித்தார்கள், பட்டறைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அறிவிப்பு வந்தும் ஹாஃப் கட் இன்றும் விற்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. 40 வயது லேண்ட் குரூசருக்குப் புது இன்ஜின் எந்த ஷோரூமில் கிடைக்கும்? ஆனால் கடைக்காரரிடம் 200 வெள்ளி குறைக்க அரை நாள் மல்லுக்கட்டும் நம் ஆட்கள், இன்ஜினோடு வர வேண்டிய காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிறகு வரும் தொல்லையில் பெரும்பகுதி அந்தக் காகிதம் இல்லாததால் வருவதுதான்.

எந்த வண்டிகளைச் சொல்கிறேன் என்பது ஜீப் பைத்தியங்களுக்குத் தெரியும். தோட்டங்களிலும் பாலாக் மரம் ஏற்றும் காட்டுப் பாதைகளிலும் உழைத்த லேண்ட் ரோவர், 1984 வரை வந்த டொயோட்டா 40 வரிசை, டைஹாட்சு டாஃப்ட், சுசுகி எஸ்ஜே410, பழைய ஹைலக்ஸ். 40 வரிசையின் 2எஃப் பெட்ரோல் இன்ஜின் 4.2 லிட்டர், குடிக்கும் எண்ணெய்க்குக் கணக்கில்லை. எஸ்ஜே410க்கு இருப்பதோ 970 சிசி. காராக் மேட்டில் லோரிகூட முந்திப் போகும். முன்னதற்கு டீசல் இன்ஜின், பின்னதற்கு 1300 சிசி என்று மாற்றத் தோன்றுவது இயற்கை.

மாற்றலாம். சட்டம் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு மாற்று என்கிறது.

சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் கண்ணில் வண்டி என்பது எண்களால் ஆனது: பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண். இந்த மூன்றும் வண்டியின் பதிவுச் சான்றான கிராண்டில் இருக்கும். கூடவே சிசி, எரிபொருள் வகை. சாலைவரி சிசியைப் பார்த்துப் போடப்படுவது. ஆக, இன்ஜினை இறக்கி வேறொன்றை ஏற்றிய அந்த நிமிடமே கிராண்டில் உள்ளது பொய்யாகிவிடுகிறது. ‘அதே மாடல் இன்ஜின்தான் போட்டேன், சிசிகூட மாறலை’ என்பவர்களும் தப்பவில்லை. மாடல் ஒன்றானாலும் பிளாக்கில் பொறித்த எண் வேறு. அதே பிளாக்கை போர் அடித்து, பிஸ்டன், ரிங் மாற்றி ஓவர்ஹால் செய்தால் மட்டும் இந்தப் பேச்சே எழாது. எண் பழைய எண்ணாகவே இருக்கும். காகித அலைச்சலையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் சில வண்டிகளுக்கு ஓவர்ஹாலே லாபம். இதைப் பட்டறைக்காரர் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு விவரங்களைப் பாதிக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டியவர் வண்டியின் பதிவு உரிமையாளர். பட்டறை இல்லை, கடைக்காரர் இல்லை, நீங்கள். சிசியோ எரிபொருளோ மாறுகிறது என்றால் வேலை தொடங்குவதற்கு முன்பே பாடாங் ஜாவாவிலோ வங்சா மாஜுவிலோ உள்ள ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. எல்லா இன்ஜினுக்கும் எல்லா வண்டியிலும் அனுமதி கிடைக்கும் என்று உறுதியில்லை. போல்ட்டை முறுக்கி முடித்த பிறகு ‘முடியாது’ என்று கேட்பதைவிட முன்னாலேயே கேட்பது மலிவு. மாற்றிய பிறகு வாகனப் பரிசோதனை மையத்தில் காட்ட வேண்டும். நெடுங்காலம் அதற்குப் புஸ்பாகோம் ஒன்றுதான் வழி. அதன் ஏகபோகச் சலுகை ஒப்பந்தம் 2024 ஆகஸ்டு 31ல் முடிந்து, வேறு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. பரிசோதனை அறிக்கை, அசல் கிராண்ட், இன்ஜின் வாங்கிய ரசீது, இறக்குமதியான இன்ஜின் என்றால் சுங்கத் துறையின் கே1 பாரத்தின் நகல்: இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போனால் கவுன்டரில் வேலை நடக்கும்.

அந்தக் கே1 நகல்தான் கடையில் கேட்க வேண்டிய முதல் சாமான். நேர்மையான இறக்குமதியாளரிடம் அது இருக்கும். ‘அதெல்லாம் எதுக்கு பாஸ், யாரும் பார்க்க மாட்டாங்க’ என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ரசீதில் ‘ஒரு இன்ஜின்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதி வாங்கக் கூடாது. இன்ஜின் மாடல், முழு எண், கடையின் பதிவு எண், தேதி அத்தனையும் வேண்டும்.

எண்ணை நேரில் பார்ப்பதும் முக்கியம். பிளாக்கில் எண் பொறித்த இடம் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கில் மூழ்கிக் கிடக்கும். துணியில் தின்னர் நனைத்துத் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் ஓடிய கோடு தெரிந்தாலோ, அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தாலோ, ஒரு எண் மட்டும் சாய்ந்து நின்றாலோ வேண்டவே வேண்டாம். வண்டியில் ஏற்றுவதற்கு முன் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு பிராக்கெட்டும் குழாயும் மறைத்துவிடும். பரிசோதனை மையத்தில் அதிகாரி குனிந்து தேடும்போது நீங்கள் வியர்த்துப்போய் நிற்க வேண்டியிருக்கும். திருட்டு இன்ஜின் என்று தெரியவந்தால் விஷயம் சம்மனோடு நிற்காது. வாகனத்தையோ அதன் பாகத்தையோ திருடுவதற்கென்றே தண்டனைச் சட்டத்தில் 379ஏ பிரிவு உண்டு, ஓராண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது 411ஆம் பிரிவில் வரும். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த ரசீது.

மெக்கானிக் விஷயத்துக்கு வருவோம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த டீசல் லேண்ட் குரூசர்கள் பல 24 வோல்ட். நம்மூர் வண்டி 12 வோல்ட் என்றால் ஸ்டார்ட்டர், குளோ பிளக், ஆல்டர்னேட்டர் மூன்றிலும் இடிக்கும். மாற்றும் செலவு முதல் பில்லில் இருக்காது, மூன்றாவது பில்லில் வரும். டொயோட்டாவின் 2எல்-டி டர்போ டீசல் மலிவாகக் கிடைக்கும். சூடு ஏறினால் அதன் சிலிண்டர் ஹெட் வெடிப்பது ஊரறிந்த சங்கதி. பழைய ரேடியேட்டரோடு அதை இணைப்பது வம்பை வீட்டுக்கு அழைப்பதாகும். பிரேக்கைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். 970 சிசிக்காகச் செய்த டிரம் பிரேக், இன்ஜின் பெரிதானதும் தானாகப் பெரிதாகாது. வாங்கும்போது எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பால் நிறத்தில் கசடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கம்ப்ரஷன் சோதனையை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்.

டீசலுக்கு மாறினால் புகையும் உங்கள் பொறுப்பு. 1996 டீசல் இன்ஜின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு. தாண்டினால் சுற்றுச்சூழல் இலாகா கோம்பவுண்ட் அபராதம் போடும். இன்னொன்று, 2024 ஜூன் 10ல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 3.35 வெள்ளிக்கு ஏறியபோது, தகுதியுள்ள தனியாருக்கு மாதம் 200 வெள்ளி ‘புடி மடானி’ உதவி வந்தது. அதற்கு வண்டி ஜேபிஜே பதிவில் டீசல் என்று இருக்க வேண்டும். கிராண்டில் பெட்ரோல், டாங்கியில் டீசல் என்று ஓட்டுகிறவர் ஏற்றிய விலையைக் கொடுத்துவிட்டு உதவிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

இன்சூரன்ஸ் கதை இன்னும் மோசம். 2013 நிதிச் சேவைகள் சட்டம், கேட்ட கேள்விக்குப் பயனீட்டாளர் கவனமாக உண்மை சொல்ல வேண்டும் என்கிறது. இன்ஜின் மாற்றத்தைத் தெரிந்தே மறைத்தால் பாலிசியையே நிறுவனம் ரத்து செய்யலாம். பழைய வண்டிக்கு மூன்றாம் தரப்புப் பாலிசிதானே என்று அலட்சியம் வேண்டாம். அடிபட்ட வழிப்போக்கருக்குக் கொடுத்த பணத்தை நிறுவனம் உங்களிடம் திரும்பக் கேட்கும் நிலையும் வரும். கோரிக்கையை நியாயமில்லாமல் மறுத்தார்கள் என்று தோன்றினால், 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவைக்குப் புகார் கொடுக்கலாம். பயனீட்டாளருக்குக் கட்டணம் கிடையாது.

பட்டறை ஏமாற்றினால் என்ன செய்வது? அதிகம் புலம்பல் கேட்கும் இடம் இதுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்தே நம் ஆட்களுக்குப் பட்டறையோடு உறவு நெருக்கம். தெரிந்த அண்ணன், ஊர்க்காரர் என்பதால் எழுத்தில் எதுவும் கேட்கக் கூச்சம். ‘அடுத்த வாரம் தம்பி’ என்பது ஆறு மாதமாகும். பேசிய தொகை ஒன்றரை மடங்காகும்.

1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53 முதல் 56 வரையுள்ள பிரிவுகள் இதற்காகவே உள்ளவை. சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும்; நீங்கள் சொன்ன நோக்கத்துக்கு அது பொருந்த வேண்டும்; காலம் பேசாவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும்; விலை பேசாவிட்டாலும் நியாயமான விலைதான் வாங்க வேண்டும். பழைய பொருளுக்கும் தர உத்தரவாதம் உண்டு. அதன் வயதையும் விலையையும் வைத்து எடைபோடுவார்கள். ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று சுவரில் எழுதிவைத்தாலும், ரசீதில் அச்சடித்தாலும் இந்த உரிமைகள் போகாது. சட்டத்தின் 6ஆம் பிரிவு அதற்குக் காவல். பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டியவற்றைச் சொல்லும் தனி விதிமுறைகளும் 2002 முதல் உள்ளன. எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள். கூச்சத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வேலை கெட்டுப்போனால் உடனே வண்டியை வேறு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் அதே ஆளிடம் சரிசெய்யச் சொல்லி, தேதி குறித்து, வாட்ஸாப்பில் அனுப்புங்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ பிறகு வேறிடத்தில் செய்து, அந்தச் செலவை இவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை வருகிறது. பாக்கியைக் கட்டும்வரை வண்டியைப் பிடித்துவைக்க 1950 ஒப்பந்தச் சட்டம் பட்டறைக்கு இடம் கொடுக்கிறது. பிடித்துவைத்திருக்கும்போது வண்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் கடமையும் அவருக்குண்டு. அவசரமென்றால் ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று ரசீதில் எழுதிக் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு வழக்குப் போடுங்கள்.

வழக்கு என்றதும் வக்கீல் வீடு நினைவுக்கு வரும். தேவையில்லை. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் கட்டணம் 5 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பொதுவாக வக்கீலுக்கு அங்கே இடமில்லை. நீங்களும் எதிர்த்தரப்பும் நேருக்கு நேர். பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதவர் மேல் குற்றவழக்கே பாயும். ஒரு கண்ணி மட்டும் உண்டு: சொந்த உபயோகத்துக்கான வண்டியாக இருக்க வேண்டும். சாமான் ஏற்றிப் பிழைக்கும் ஹைலக்ஸ் என்றால் இங்கே எடுபடுவது கஷ்டம். 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு இருக்கிறது. பட்டறையின் நடத்தையைப் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு 1-800-886-800 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழிலேயே இத்தகைய விஷயங்களை எழுதிவருகிறது, தேடிப் படியுங்கள்.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே இன்ஜின் மாற்றிவிட்டு வாய்மூடி ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். அடுத்த சாலைவரி புதுப்பிப்பு வருவதற்குள் பானட்டைத் திறந்து, பிளாக்கில் உள்ள எண்ணைக் கிராண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ரசீதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் விற்றவரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். கடை மூடிவிட்டால் அந்தக் காகிதத்தைக் கொடுக்க வேறு யாரும் இல்லை.