குடலின் நுழைவாயிலும் பாக்டீரியாத் துணுக்குகளும்

குடல் அழற்சி நோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பருப்பும் முட்டையும் மீனும் குடலைப் புண்ணாக்குகின்றனவா? அவற்றை நிறுத்திவிடலாமா?" இதற்கு விடை காண, குடல் உயிரணுக்கள் புரதத்தை எவ்வாறு உள்வாங்குகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நாம் உண்ணும் புரதம் செரிமானத்தின்போது சிறு துணுக்குகளாக உடைகிறது. இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் இணைந்த சிறு பெப்டைடுகள் அவற்றுள் அடங்கும். சிறுகுடல் உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள 'பெப்-டி 1' என்னும் கடத்திப் புரதம் அவற்றை உள்ளே எடுத்துச் செல்கிறது. அளவும் அமைப்பும் பொருந்தினால் போதும். அத்துணுக்கு எங்கிருந்து வந்தது என்று அது பிரித்தறிவதில்லை. செஃபலெக்சின் போன்ற சில மருந்துகளும் இவ்வழியாகவே உடலுக்குள் செல்கின்றன.

பாக்டீரியாக்கள் மிகுதியாக வாழும் இடம் பெருங்குடல். நலமான பெருங்குடலில் இக்கடத்தி மிகக் குறைவாகவே காணப்படும். ஆனால் கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகியவற்றால் நாட்பட்ட அழற்சிக்கு உள்ளான பெருங்குடலின் உயிரணுக்களில் இது தோன்றியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். அவ்வாறு தோன்றும்போது, பாக்டீரியாக்கள் வெளியிடும் சிறு பெப்டைடுகளுக்கும் அவற்றின் செல்சுவரிலிருந்து உதிரும் 'முராமைல் டைபெப்டைடு' என்னும் துணுக்குக்கும் உயிரணுவினுள் நுழைய வழி கிடைக்கிறது என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன.

உயிரணுவினுள் 'நாட்-2' என்னும் உணர்வுப் புரதம் காவல் இருக்கிறது. முராமைல் டைபெப்டைடை அது உணர்ந்ததும், பகைவர் புகுந்ததாக எச்சரிக்கை எழுப்புகிறது, வெள்ளணுக்கள் திரள்கின்றன. தொற்றிலிருந்து நம்மைக் காப்பதற்கான ஏற்பாடே இது. ஏற்கெனவே அழற்சியுற்ற குடலிலோ இத்தகைய எச்சரிக்கைகள் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தாற்போல் ஆகக்கூடும். நாட்-2 மரபணுவின் சில மாற்றங்களுக்கும் கிரோன் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது 2001-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. எனினும் அம்மாற்றங்களை உடையோரில் பெரும்பாலோர்க்கு அந்நோய் வருவதில்லை. மரபு, நுண்ணுயிர், சுற்றுச்சூழல் எனப் பல காரணிகள் கூடியே நோய் உருவாகிறது.

ஆகவே, மேலே விளக்கிய சிக்கலில் எச்சரிக்கையை எழுப்புவன பாக்டீரியாத் துணுக்குகளே. தட்டில் உள்ள பருப்போ முட்டையோ அல்ல. அழற்சி தீவிரமாக இருக்கும் காலத்தில் உடலின் புரதத் தேவை கூடுகிறது. அச்சத்தால் புரதத்தை ஒதுக்கினால் எடை குறையும், தசை நலியும், புண் ஆறுவதும் தாமதமாகும். குறிப்பிட்ட ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லையெனில், அதை மட்டும் குறித்துவைத்து உணவியல் வல்லுநரிடம் காட்டுங்கள். குடல் சுருக்கம் உள்ளோர் தமக்கெனத் தரப்பட்ட உணவு முறையையே பின்பற்ற வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல விரும்புகிறோம். வயிற்றுவலியும் பேதியும் நின்ற பின்னரும் குடலின் உட்சுவரில் அழற்சி நீடிக்கக்கூடும். எனவே, நலமாக உணர்கிறோம் என்று மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது. பாக்டீரியாவை ஒழிப்பதாக எண்ணி ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உட்கொள்வதும் தவறு. காய்ச்சல், மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள்.