ஓதுவதும் வாசிப்பதும்: அமெரிக்க ஆரம்ப வகுப்பு ஆய்வுகள் கற்றுத்தந்த ஒரு பாடம்

என்னுடைய உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கடிதம் வந்தால் யாராவது வாசித்துக்காட்ட வேண்டும். குர்ஆனையோ தடங்கல் இல்லாமல் ஓதுவா. ஆனால் அறபு மொழி விளங்காது. இவை இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அலுமாரியில் ஓரம் கிழிந்த அறபுத் தமிழ்க் கிதாபு ஒன்று. அதைத் தானாகவே வாசிப்பா, விளங்குவா, எங்களையும் பக்கத்தில் இருத்தி விளக்கம் சொல்லுவா.

ஒரே ஆள், மூன்று நூல்கள், மூன்று விதமான முடிவு. இது ஏன் என்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. நாற்பது வயது தாண்டிய பிறகு, அமெரிக்க ஆரம்பப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதுதான் விடை கிடைத்தது.

தமிழ் படித்தவனுக்கு இந்த ஆய்வுகளில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இல்லாமல் போன ஒரு வருடம், தரம் 4 இன் ஆங்கிலப் பாடம் என் தலையில் விழுந்தது. அந்த வகுப்பில் இரண்டு பிள்ளைகள். மகள் ஒருவர் பாடப் புத்தகத்தைக் கணீரென்று வாசிப்பார். அவரை மேடை ஏற்றினேன். மகன் ஒருவர் ஒவ்வொரு சொல்லிலும் தட்டுப்பட்டு நிற்பார். அவருடைய அறிக்கையில் 'ஆங்கிலத்தில் மிகவும் பின்தங்கியவர்' என்று எழுதினேன். இரண்டுமே பிழையான தீர்ப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் ஆரம்ப வகுப்பு ஆங்கிலப் பாடத்தை 'மொழிக் கலைகள்' என்பார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் எல்லாம் அதற்குள் அடக்கம். இதில் வாசிப்பைத் தொடங்குவது எப்படி என்பதில்தான் பெரிய சண்டை. அதற்கு 'வாசிப்புப் போர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1955 இல் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர், ஜொனி என்ற பிள்ளைக்கு ஏன் வாசிக்க முடியவில்லை என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு நூல் எழுதினார். எழுத்தின் ஒலியைக் கற்பிக்காமல் சொல்லை முழுதாகப் பார்த்து மனனம் செய்ய வைப்பதே காரணம் என்பது அவர் வாதம். 1967 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஜீன் சால், அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, தொடக்கத்தில் எழுத்தொலியை ஒழுங்காகக் கற்பிப்பதே கூடிய பலன் தருகிறது என்ற முடிவுக்கு வந்தார். இந்த முறையைத்தான் 'போனிக்ஸ்' என்கிறோம்.

அதே 1967 இல் கெனத் குட்மன் வேறு கதை சொன்னார். வாசிப்பு என்பது ஒரு வகை ஊகிக்கும் விளையாட்டு. வாசிப்பவர் எல்லா எழுத்தையும் பார்ப்பதில்லை. பொருளையும் வாக்கிய அமைப்பையும் வைத்து அடுத்த சொல்லை ஊகிக்கிறார் என்றார். இதிலிருந்து வளர்ந்த 'முழுமொழி' இயக்கம் 1980களில் வகுப்பறைகளை நிறைத்தது. படத்தில் குதிரை, கீழே 'ஹோர்ஸ்' என்று எழுதியிருக்கிறது, பிள்ளை 'போனி' என்று வாசிக்கிறது. கருத்து கிட்டத்தட்டச் சரிதானே என்று ஆசிரியர் விட்டுவிடலாம். படம் இல்லாத புத்தகம் கைக்கு வரும் நாளில்தான் பிள்ளை மாட்டுப்படும்.

கீத் ஸ்டனோவிச், ரிச்சர்ட் வெஸ்ட் ஆகிய இருவரும் 1970களில் இந்த ஊகத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாக வாசிப்பவர்களே கூட ஊகிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்த முடிவு தலைகீழ். நல்ல வாசகருக்கு எழுத்தைப் பார்த்ததும் சொல் பிடிபடுகிறது. ஊகத்தில் தொங்குவது தடுமாறும் வாசகர்தான்.

இந்தச் சண்டைக்கு நடுவே 1986 இல் பிலிப் கௌ, வில்லியம் டன்மர் ஆகியோர் ஒரு சின்னச் சூத்திரத்தை முன்வைத்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை, மொழியைக் கேட்டு விளங்கும் திறனால் பெருக்கினால் வருவதே வாசிப்பு. கவனியுங்கள், கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

உம்மம்மாவுக்கு வருவோம். அறபு எழுத்துத் தெரியும், அறபு மொழி தெரியாது. எனவே ஓத முடிந்தது, விளங்க முடியவில்லை. தமிழ் மொழி தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. கடிதத்தை வாசிக்க முடியவில்லை. அறபுத் தமிழிலோ ஓதப்பள்ளியில் கற்ற எழுத்தும் தாய்ப்பாலோடு வந்த மொழியும் ஒன்றுசேர்ந்தன, வாசிப்புப் பிறந்தது. கௌவும் டன்மரும் கடதாசியில் எழுதியதை எங்கள் வீட்டு விறாந்தையிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கக் காங்கிரஸ் 1997 இல் கேட்டு அமைக்கப்பட்ட தேசிய வாசிப்புக் குழு, 2000 இல் அறிக்கை வெளியிட்டது. அது ஐந்து விடயங்களைச் சொன்னது: சொல்லிலுள்ள தனி ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் உணர்வு, போனிக்ஸ், சரளம், சொல்வளம், பொருள் விளக்கம். முதலாவது எங்களுக்குப் புதிதல்ல. 'க' என்பதற்குள் 'க்' என்ற மெய்யும் 'அ' என்ற உயிரும் இருக்கின்றன என்று கண்ட இலக்கண மரபு நம்முடையது. ஆனால் தமிழில் எழுத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். ஆங்கிலத்திலோ 26 எழுத்துகள் சுமார் 44 ஒலிகளைச் சுமக்கின்றன. அதனால் அங்கே எழுத்தொலியைக் கற்பிக்கக் கூடுதல் காலமும் ஒழுங்கும் தேவை.

எழுத்தொலி மட்டும் போதுமா? போதாது. டொலரஸ் டர்கின் 1970களில் நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தைக் கவனித்தார். பொருளை விளங்கிக்கொள்வது எப்படி என்று ஆசிரியர்கள் உண்மையில் கற்பித்தது அதில் 20 நிமிடம்தான்! மிச்ச நேரத்தில் கேள்வி கேட்டார்கள், விடை திருத்தினார்கள். சோதித்தார்கள், கற்பிக்கவில்லை. அந்த எண்ணைப் படித்தபோது என்னுடைய பாடவேளைகள்தான் கண்முன் வந்தன.

1988 இல் டொனா ரெக்ட், லோரன் லெஸ்லி இருவரும் சற்று மூத்த வகுப்பு மாணவர்களுக்கு பேஸ்போல் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனமானவர்கள் என்று பெயர் எடுத்திருந்தும் ஆட்டத்தை அறிந்திருந்த பிள்ளைகள், கெட்டிக்கார வாசகராயிருந்தும் ஆட்டம் அறியாதவர்களைவிட நன்றாக விளங்கிச் சொன்னார்கள். ஆகவே உலக அறிவும் வாசிப்பின் பாதி. சுற்றாடலையும் வரலாற்றையும் ஒதுக்கிவிட்டு வாசிப்புப் பயிற்சி மட்டும் கொடுப்பது வேருக்கு ஊற்றாமல் இலைக்கு ஊற்றுவது போல.

மிசிசிப்பி மாநிலம் நான்காம் வகுப்பு வாசிப்பில் நீண்ட காலம் கடைசி வரிசையில் நின்றது. 2013 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களுக்கு வாசிப்பு ஆய்வுகளில் பயிற்சி கொடுத்தார்கள், பாடசாலைகளுக்கு வழிகாட்டும் பயிற்றுநர்களை அனுப்பினார்கள், சிறுவயதிலேயே குறையைக் கண்டுபிடித்தார்கள். 2019 தேசிய மதிப்பீட்டில் அந்த மாநிலம் 219 புள்ளிகள் பெற்று நாட்டுச் சராசரியைத் தொட்டது. மூன்றாம் வகுப்பில் வாசிக்க முடியாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைத்ததும் புள்ளி கூடியதற்கு ஒரு காரணம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த விவாதம் ஓயவில்லை. என்றாலும் ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள ஒரு மாநிலம் எழும்ப முடியும் என்பது சின்ன விடயமல்ல.

இதையெல்லாம் படித்த பிறகு அந்த இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியே கூப்பிட்டேன். படம் இல்லாத, அவர்கள் முன்பு பார்க்காத ஐந்து வரிக் கதை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மகன் வழமைபோல இரண்டாம் சொல்லிலேயே நின்றுவிட்டார். தாளை வாங்கி நான் வாசித்துக் காட்டினேன். முடிக்கவில்லை, சிரித்துவிட்டார். "சேர், அந்தப் பூன மீனத் திண்டுட்டு!" வீட்டில் கார்ட்டூன் பார்த்துப் பழகிய காது. மொழி இருந்தது, எழுத்துத்தான் இல்லை.

மகள் ஒரு பிழை விடாமல் வாசித்தார். "என்ன கதை மகள்?" என்று கேட்டேன். "தெரியா சேர்." நானே வாசித்துக் காட்டினேன். அப்போதும், "வெளங்கல்ல சேர்" என்றார். எழுத்து இருந்தது, மொழி இல்லை.

மகனுக்கு நாளுக்குப் பத்து நிமிடம் எழுத்தொலிப் பயிற்சி போதுமானதாயிருந்தது. மூன்றாம் தவணையில் சின்ன வாக்கியங்களைத் தானாக வாசித்தார். மகளுக்குத் தேவைப்பட்டது பேச்சும் கதையும் சொற்களும். அது மெதுவான வேலை. வருடக் கடைசியில் ஒருநாள் வாசிப்பை நடுவில் நிறுத்தி, "சேர், இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்று கேட்டார். அதுவரை அவர் அப்படி நிறுத்தியதே இல்லை.

நாங்கள் ஓதலை மதிக்கும் சமூகம். குர்ஆனை ஓதுவது இபாதத். பொருள் தெரியாமல் ஓதினாலும் அதற்கு நன்மை உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் அதே காதோடு ஆங்கிலப் புத்தகத்தையும் கேட்டு, கணீரென்று வாசித்தால் பிள்ளை கெட்டிக்காரர் என்று திருப்திப்பட்டுவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். இன்று இரவு உங்கள் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்கும்போது, பக்கத்தை மூடிவிட்டு "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் ஏச வேண்டாம். நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அப்போது விளங்கினால் எழுத்தில் குறை. அப்போதும் விளங்காவிட்டால் மொழியில் குறை. எங்கே குறை என்று தெரிந்தால்தான் மருந்தும் சரியாக இருக்கும்.