கண்ணுக்குப் புலப்படாத பிறவிக் குறை

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குக் கூறிய புறநானூற்று 28ஆம் பாடலில் எட்டு வகைப் பிறவிக் குறைகள் எண்ணிக் காட்டப்படுகின்றன. பார்வையின்மை, பேசாமை, கேளாமை எனச் செல்லும் அவை யாவும் பிறர் பார்த்தோ பழகியோ அறியக்கூடியவை. பார்ப்பவர் கண்ணுக்கும் உடையவர் உணர்வுக்கும் எட்டாமல், நாற்பது ஆண்டுகள்கூட உள்ளேயே உறங்கிக் கிடக்கும் குறைகளும் உண்டு. இதயத்துக்குக் குருதி கொணரும் தமனிகளின் பிறவி மாறுபாடுகள் அத்தகையன.

உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் இதயம், தன் அறைகளில் நிறைந்துள்ள குருதியைக்கொண்டு தன்னைப் பேணிக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து வலமும் இடமுமாக இரு கிளைகள் புறப்பட்டு, முடி சூட்டினாற்போல் இதயத்தைச் சூழ்ந்து படர்கின்றன. கரோனரி என்னும் பெயர் மகுடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. தமிழில் மகுடத் தமனி என்கிறோம். இதயத்தின் தசைக்குள் பரவிய நாளங்களே அதற்கு ஊட்டம் தருகின்றன என்பதை, இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுதப் புகுந்து, அவர் கருத்தையே மறுத்து 13ஆம் நூற்றாண்டில் எழுதியவர் இப்னு நஃபீஸ். உரையாசிரியர் மூலநூலாரோடு மாறுபடும் துணிவு தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று.

இத்தமனிகள் எல்லார்க்கும் ஒரே வகையில் அமைவதில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் தமனிப்படம் எடுக்கப்பட்ட 1,26,595 பேரைப் பற்றிய ஆய்வு 1990இல் வெளிவந்தது. அவர்களுள் 1,686 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 1.3 விழுக்காட்டினருக்கு, மாறுபாடு இருந்தது. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு தீங்கற்றவை. ஆகவே மருத்துவ அறிக்கையில் இச்சொல்லைக் கண்டதும் நடுங்க வேண்டியதில்லை.

எஞ்சிய சிலவே உயிருக்கு ஊறு செய்வன. இடத் தமனி வலப்புறத்தில் தோன்றி, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே புகுந்து செல்வது அவற்றுள் ஒன்று. அதன் வாய் வட்டமாக இராமல் கீற்றுப்போல் ஒடுங்கியிருக்கும். சிறிது தூரம் பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே செல்வதும் உண்டு. ஓய்வில் இதனால் தொல்லையில்லை. விரைந்து ஓடும்போது பெருந்தமனி விரிய, ஒடுங்கிய வாய் மேலும் நெருக்குண்கிறது. பயிர் வாடும் வேளையில் மதகு அடைபட்டாற்போல, இதயத்துக்குக் குருதி மிகுதியாக வேண்டிய நேரத்திலேயே அது குறைந்துவிடுகிறது.

இடத் தமனி நுரையீரல் தமனியிலிருந்தே கிளைப்பது மற்றொரு வகை. பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்னும் மூவர் 1933இல் இதனை விளக்கினர். மருத்துவமின்றி விடப்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறப்பர். வலத் தமனி பருத்துத் தன் கிளைகளால் இடப்பக்கத்தையும் காக்கும் சிலரே வளர்ந்து பெரியவராகின்றனர்.

இத்தகைய ஈடுகட்டல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மரவிச் சான்று. தொழில்முறை ஆட்டத்தில் பத்தாண்டுகள் புகழோடு விளங்கிய அவர், 1988 சனவரி 5ஆம் நாள், தம் 40ஆம் வயதில், நண்பர்களோடு ஆடுகையில் சரிந்து இறந்தார். பிணக்கூறு ஆய்வில்தான் அவருக்கு இடத் தமனியே பிறவியில் இல்லை என்பது தெரிந்தது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் அவர் நினைவு எழுகிறது. இவர்களுள் ஒருவர் ஓட்டத்தின் நடுவே மயங்கினால், முகத்தில் நீர் தெளித்து, சோடா கொடுத்து, "வெறும் வயிற்றோடு ஓடலாமா?" என்று கடிந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். காலைக் கூட்டத்தில் நெடுநேரம் நின்று மயங்குவது வேறு. ஓடும்போதே மயங்குவது வேறு. முன்னது பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. பின்னதற்கு, ஒரே ஒருமுறை நேர்ந்தாலும், இதயச் சோதனை வேண்டும்.

ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. இக்குறை உள்ளவர்க்கும் செம்மையாகவே இருக்கக்கூடும். தமனி எங்கே தோன்றுகிறது என்பதை எக்கோ ஓரளவும், சி.டி. தமனிப்படம் தெளிவாகவும் காட்டும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கியது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. விழுப்புரத்து இரயில்வே குடும்பங்கள் நன்கறிந்த பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில்தான், 1975இல் மருத்துவர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். தமனியின் ஒடுங்கிய வாயை அகலத் திறப்பதும், தவறான இடத்தில் தோன்றிய தமனியைப் பெருந்தமனியில் பொருத்துவதும் இன்று இதய அறுவை மருத்துவர் செய்யக்கூடியவையே.

மருத்துவரிடம் "மயக்கம் வந்தது" என்று மட்டும் கூறுதல் போதாது. ஓடும்போதா, ஓடி நின்ற உடனேயா, முன்பே நெஞ்சில் வலியோ படபடப்போ இருந்ததா, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா என்பவற்றை, உடனிருந்து கண்ட ஆசிரியரோ நண்பரோ சென்று சொல்லுதல் வேண்டும். விழுந்தவருக்கு விழுந்த கணம் நினைவிராது.