சமவெளிப் பிள்ளைகளும் சிவனொளிபாத மலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து வளரும் பிள்ளைக்கு மலை என்பது புவியியற் புத்தகத்திலுள்ள ஒரு படம் மாத்திரமே. வயலும் பனையும் கடலுமாய் விரிந்த அந்நிலத்தில், ஏறிப் பழகுவதற்கு ஒரு குன்றுதானும் இல்லை. ஆயினும் அங்கிருந்தும் பல குடும்பங்கள் பிள்ளைகளுடன் சிவனொளிபாத மலைக்குப் புறப்படுகின்றன. புகையிரதப் பயணத்துக்கும் கட்டுச்சோற்றுக்கும் செய்யும் ஆயத்தத்தை, ஏறவேண்டிய கால்களுக்குச் செய்வோர் சிலரே.

இம்மலை 2,243 மீற்றர், அதாவது 7,359 அடி உயரமுடையது. நல்லதண்ணி வழியாகச் செல்வோர் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தை 5,000 இற்கு மேற்பட்ட படிகளால் ஏறிக் கடக்கவேண்டும். இரத்தினபுரி வழி இதனினும் நீண்டது. 1344 ஆம் ஆண்டிலே இங்கு வந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா, பாறையிற் பொருத்தப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியுள்ளார். இன்று படிகளும், யாத்திரைக் காலத்தில் மின்விளக்குகளும் உள. எனினும் முழங்காலுக்குரிய வேலையை எவராலும் குறைக்க முடியவில்லை.

யாத்திரைக் காலம் டிசெம்பர்ப் பூரணை தொடக்கம் வெசாக் பூரணை வரையாகும். ஏப்பிரல் விடுமுறையிற் செல்ல நினைப்போர் தை கழிந்தவுடனேயே பயிற்சியைத் தொடங்குதல் நன்று. முதலிரு வாரங்களும் மாலையில் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் போதும். பின்னர் படியேற்றம். இருபது படிகளுள்ள மாடியொன்றைப் பத்துமுறை ஏறினால் 200 படிகள். இருபத்தைந்து முறை ஏறினால் 500. இதனை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்க. தசை வலுப்பெறுவது ஓய்விலேயே. மாடியில்லாத வீட்டிலே திண்ணைப் படியொன்றே போதும்.

பலர் எண்ணாத செய்தி ஒன்றுண்டு. ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் தொடையை நோகச் செய்வது இறக்கமே. உடற்பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீள்வதால் இந்நோவு உண்டாகி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் மிகும். ஆதலால் பயிற்சியிலே இறங்குவதையும் ஏறுவதைப்போலவே கருத்தாய்ச் செய்தல் வேண்டும். புதிய சப்பாத்தை மலையடிவாரத்தில் முதன்முதல் அணிவிப்பது கொப்புளத்தை அழைப்பதாகும்.

நூறு மீற்றர் உயர ஏறத்தாழ 0.6 பாகை வெப்பம் குறையும். உச்சியிலே காற்றும் சேர, வியர்வையில் நனைந்த சட்டையுடன் நிற்கும் பிள்ளை நடுங்கத் தொடங்கும். சிற்றுடல் பெரியவர் உடலினும் விரைவாகக் குளிர்ந்துவிடும். மாற்றச் சட்டையொன்றும் கம்பளி மேலாடையும் கட்டாயம் வேண்டும். எள்ளுருண்டை, கச்சான், பனங்கட்டி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, இடையிடையே நீரும் பருகச் செய்க.

மாணவருடன் சென்ற பயணங்களில் நாம் கடைப்பிடிக்கும் விதி இரண்டு. மெதுவாக நடக்கும் பிள்ளையே முன்னே செல்லவேண்டும். மற்றையோர் அப்பிள்ளையின் நடைக்கு இசையவேண்டும். கதைத்துக்கொண்டு ஏறக்கூடிய வேகமே சரியான வேகம். இரண்டாவது விதி, திரும்புவதற்குரிய உரிமை. தலைசுற்றல், நடுக்கம், முழங்கால் நோவு என்று பிள்ளை சொன்னால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்புவோம் என்று வீட்டிலேயே வாக்களித்துவிடல் வேண்டும். இவ்வளவு தூரம் வந்தோமே என்னும் ஆற்றாமை தந்தையருடையதேயன்றிப் பிள்ளையுடையதன்று. இழுத்தேற்றப்பட்ட பிள்ளை மலையை வெறுக்கும். மதித்துத் திருப்பியழைக்கப்பட்ட பிள்ளை, அடுத்த ஆண்டு எப்போது போவோம் என்று தானே கேட்கும்.

வைகறையிலே உச்சியை அடைவோர், மலையின் நிழல் மேற்கே முக்கோணமாய் விழுந்து கிடப்பதைக் காண்பர். வானம் தெளிந்திராவிடின் அதுவும் கிட்டாது. ஆனால் தாயும் தந்தையும் பிள்ளைகளும் இரண்டு மாதம் மாலைதோறும் சேர்ந்து நடந்த பழக்கத்தை எந்த முகிலும் மறைக்காது. பெற்றோர்களே, அப்பழக்கத்தை இன்று மாலையே தொடங்கலாம்.