எல்லை தாண்டினால் சான்றிதழ் செல்லாது: சத்தியவேடு பக்கத்து ஏழைக் குழந்தைகளின் நிலை

ஊத்துக்கோட்டையைக் கடந்து வடக்கே சில மைல் போனால் சத்தியவேடு. கடைத்தெருவில் தெலுங்கோடு தமிழும் கலந்து ஒலிக்கும். 1960 மார்ச் வரை இது செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

எல்லைக் கோடு மாறினாலும், கூலி தேடி அதன் இருபுறமும் போய் வரும் ஏழைகளின் நடை நிற்கவில்லை. அவர்களில் கடைக்கோடியில் இருப்பவர்கள் யானாதிகளும் இருளர்களும். எலி பிடிப்பது, மீன் பிடிப்பது, தோட்டக் காவல், செங்கல் சூளையில் கல் அறுப்பது ஆகியவையே பிழைப்பு. சூளைக்குப் போனால் குழந்தைகளும் கூடவே போகிறார்கள். படிப்பு பாதியில் நிற்கிறது.

லிஸ்டில் இல்லை

யானாதிகள் ஆந்திராவின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் இல்லை. இருளர்களுக்கு இதுவே தலைகீழ். எல்லையைத் தாண்டிக் குடியேறினால் பழங்குடியினருக்கான விடுதி, உபகாரச் சம்பளம், இட ஒதுக்கீடு ஆகியவற்றை அந்த ஊர் சர்க்காரிடம் கேட்க முடியாது.

ஆந்திராவிலிருந்து பம்பாய்க்குக் குடியேறிய குடும்பத்து மாணவர் மரி சந்திரசேகர ராவ் தொடுத்த வழக்கில், 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் இதே சட்டம்தான்.

எது செல்லும்?

எல்லாக் கதவும் மூடிவிடவில்லை. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கக்கூடாது. சேர்ந்தால் மதிய உணவும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் ரேஷன் கார்டுக்கு, 2022 ஜூன் முதல் எந்த மாநிலத்திலும் அரிசி வாங்கலாம். ஆதார் இணைத்திருக்க வேண்டும்.

ஆனால் எதற்கும் முதல் காகிதம் பிறப்புச் சான்றிதழ். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டு உத்தரவு வேண்டும். அன்றாடக் கூலிக்காரன் அதற்காக எத்தனை நாள் கூலியை இழப்பான்? 5 வயதுக்குள் பிறப்பே பதிவாகாத குழந்தைகள் உலகத்தில் சுமார் 15 கோடிப் பேர் என்று 2024-ல் யுனிசெப் கணக்குச் சொன்னது.

பட்டியலைத் திருத்தப் பார்லிமெண்டு சட்டம் வேண்டும். நரிக்குறவர்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்க 2022 டிசம்பரில் அப்படித்தான் சட்டம் நிறைவேறியது. அன்று ஊர்களைப் பேசி மாற்றிக்கொண்ட இரு சர்க்கார்களும், எல்லையோரக் குழந்தைகளுக்காகவும் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் என்ன?