கோழிக்கு இரண்டு கோட்டை

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில், மலைச்சரிவு இறங்கிவந்து சமவெளியோடு கூடுமிடத்தில் அமைந்திருக்கும் அழகர்கோவிலுக்குப் போகிறவர்கள், கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற ஆவலில், வழியிலே சிதைந்து நிற்கும் கோட்டை மதில்களைப் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள். உட்கோட்டை என்றும் வெளிக்கோட்டை என்றும் இரண்டு சுற்றுகளாக அந்த அரணை அமைத்தவர்கள், ஒரே மதிலை எவ்வளவு உயர்த்தினாலும் அது எல்லாச் சத்துருக்களையும் எல்லா வேளையிலும் தடுக்காது என்பதை அறிந்தவர்கள். அதே மலையடிவாரத்துச் சிற்றூர்களில் கொல்லைப்புறத்திலே பத்துக் கோழிகளை வைத்துக்கொண்டு, அவற்றை நரிக்கும் கீரிக்கும் பறிகொடுத்துவிட்டு, தோட்டத்தைச் சுற்றி இன்னும் உயரமான வேலி போட வேண்டுமென்று கடன் வாங்க நினைக்கிற குடும்பத்தார், ஒருமுறை அந்த மதில்களை நின்று பார்த்துவிட்டு வரலாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பிராந்தியத்தில் பெரும்பாலும் வளர்ப்பது சிறுவிடைக் கோழி. உடல் சிறியது, கால் சுறுசுறுப்பானது, தீவனத்துக்கு எஜமானனை எதிர்பாராமல் குப்பையைக் கிளறித் தன் ஜீவனத்தைத் தானே தேடிக்கொள்வது. ஆறடி வேலியைப் பெரிய பிரயாசையின்றித் தாவி, முருங்கைக் கிளையிலோ புளியமரத்திலோ போய் அடைந்துகொள்வதும் அதன் சுபாவத்தில் உண்டு. பகலில் இத்தனை சாமர்த்தியம் காட்டும் பறவைக்கு மாலை மங்கியதும் கண் தெரியாமல் போகிறது. மரநாய் கிளையேறி வந்தாலும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. வேலியைப் பற்றிய யோசனை எதுவும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோழி காணாமற் போனால் முதல் சந்தேகம் அடுத்த வீட்டார் மேல் விழுவது உலக வழக்கம். அழகர்கோவில் வட்டாரத்திலோ, பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதியில் வந்து சத்தியம் செய்யச் சொல்லி வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் சம்பிரதாயம் வேறு இருக்கிறது. கருப்பரை அழைப்பதற்கு முன் கொல்லையைச் சற்று உற்றுப் பார்ப்பது நல்லது. முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைந்திருந்தால் பாம்போ உடும்போ வந்து முழுசாக விழுங்கியிருக்கும். ஓடு உடைந்து சிதறிக் கிடந்தால் கீரியை நினைக்கலாம். நாலைந்து கோழிகள் கடிபட்டுச் செத்து, தின்னப்படாமலே கிடக்குமானால், பெரும்பாலும் அது தெருநாய். கூட்டுக்குள்ளே கழுத்தில் பல் பதிந்து எல்லாம் மாண்டுகிடக்க, ஒன்றை மட்டும் காணோம் என்றால் கீரி, மரநாய், காட்டுப்பூனை ஆகிய மூவரில் ஒருவர். இதைக் கண்டவர்கள் அந்தப் பிராணிக்குக் கொலைவெறி என்கிறார்கள், உண்மை அதுவன்று. காட்டிலே ஒன்றைப் பிடித்தால் மற்றவை பறந்துபோகும், வேட்டை அதோடு முடியும். அடைபட்ட கூட்டிலோ பறக்க வழியின்றிப் படபடக்கும் ஒவ்வொரு பறவையும் அந்த வேட்டைச் சுபாவத்தை மறுபடி மறுபடி கிளறிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் குஞ்சு மட்டும் தடயமின்றிப் போனால் காகமும் பருந்தும் பொறுப்பு. நரி வந்தால் கோழியையே தூக்கிச் சென்றுவிடும். சிறிது தூரத்தில் இறகுகள்தாம் கிடைக்கும்.

இனி வலைக்கு வருவோம். மதுரையில் இரும்புச் சாமான் விற்கும் கடையில் 'கோழி வலை' என்று கேட்டால், தேனடைபோல அறுகோணக் கண்களுடைய மெல்லிய கம்பிச் சுருளை எடுத்துப் போடுவார்கள். 1844-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லஸ் பார்னார்ட் என்பவர், துணி நெய்யும் எந்திரத்தைக் கண்டு கம்பியையும் அவ்விதம் பின்னலாமென்று செய்த யுக்தி இது. கோழியை உள்ளே நிறுத்திவைக்க இந்த வலை போதும். வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்கப் போதாது. முறுக்கிவிட்ட மெல்லிய கம்பி ஆதலால், நாய் பாய்ந்தால் கிழியும். நரி பல்லால் இழுத்தால் முறுக்குப் பிரியும். பெயரிலே கோழி இருப்பதை நம்பி இதையே இரவுக் கூண்டுக்கும் அடித்துவிடுவதுதான் நம் ஊர்களில் மிகுதியாக நடக்கும் பிழை.

உறுதியானது, குறுக்கும் நெடுக்குமான கம்பிகளைச் சந்திதோறும் பற்றவைத்த வெல்டு மெஷ். அதை வாங்கும்போது கண்ணின் அளவு, கம்பியின் கனம் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பது பலருக்குத் தெரியாது; 14 கேஜ் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனம், 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரிய எண்ணைப் பெரிய பலமென்று எண்ணி ஏமாறுவார் உண்டு. கண் அரை அங்குலமாக இருந்தால் கீரியும் பெருச்சாளியும் வளர்ந்த பாம்பும் நுழைய மாட்டா. இரண்டங்குலக் கண்ணுள்ள செயின்லிங்க் வேலி பார்வைக்குக் கம்பீரமானது, நாயைத் தடுப்பதில் நிகரற்றது. ஆனால் கீரிக்கும் பாம்புக்கும் அது திறந்த வாசல். முள்கம்பியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுக்காக உண்டானது, மாட்டோடு இருக்கட்டும்.

வேலியின் மேல்பகுதியைவிட அடிப்பகுதியே முக்கியம். நாய், நரி, கீரி மூன்றும் தோண்டும். இரண்டடி ஆழம் பள்ளமெடுத்து வலையைப் புதைக்கச் சொல்வார்கள். பாறையும் சரளையும் கலந்த மலையடிவார மண்ணில் அது கூலியை விழுங்குகிற வேலை. அதைவிடச் சுலபமான உபாயம், வலையின் அடியை வெளிப்புறமாக மடக்கி, ஓரடி அகலத்துக்குத் தரையோடு விரித்து, கல்லும் மண்ணும் போட்டு மூடிவிடுவது. தோண்ட வரும் பிராணி வேலியின் காலடியிலேதான் கை வைக்கும். அங்கே நகத்துக்குக் கம்பி தட்டுப்படும். ஓரடி பின்வாங்கிப் போய்த் தோண்ட வேண்டுமென்ற யோசனை அதற்கு எளிதில் தோன்றுவதில்லை.

நம் முன்னோர் கம்பி இல்லாமலே காரியம் நடத்தினார்கள். பகலுக்குக் கிளுவை உயிர்வேலியும், அடியிலே செருகிய இலந்தை முள்ளும், நுழைவாயிலுக்கு முள்படலும். இரவுக்கு, மூங்கில் சிம்பால் பின்னிய பஞ்சாரம். பஞ்சாரத்தைத் திண்ணையிலே கவிழ்த்து, தாயையும் குஞ்சுகளையும் உள்ளே தள்ளி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, பாட்டி அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். கோழி கேறினால் அவளுக்குத்தான் முதலில் விழிப்பு வரும். வெளிக்கோட்டை முள்வேலி, உட்கோட்டை பஞ்சாரம். இன்றைக்கும் செலவைப் பகிர வேண்டிய முறை இதுவே: தோட்டம் முழுவதையும் விலையுயர்ந்த வலையால் வளைப்பதை விட்டுவிட்டு, பகலில் மேயும் இடத்துக்கு முள்ளோ மலிவான வலையோ போட்டு, கையிலிருக்கும் பணத்தையெல்லாம் இரவு அடையும் சிறிய கூண்டில் கொட்டுவது. இரவு தங்குவதற்கு ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி வீதம் போதுமாகையால், பத்துக் கோழிக்கு வேண்டிய வெல்டு மெஷ் கொஞ்சமாகத்தான் வரும்.

அந்தக் கூண்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கால்கள்மேல் நிறுத்தி, அடித்தளத்துக்கும் அதே மெஷ் அடிக்க வேண்டும். பலகையாலும் தகரத்தாலும் நாலாபுறமும் மூடிவிட்டால் சித்திரை வெயிலில் கோழி வெந்து போகும். காற்று வேண்டும், அந்தக் காற்று வரும் இடைவெளியிலும் மெஷ் வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே விடுகிற இரண்டங்குலச் சந்து மரநாய்க்கு ராஜபாட்டை. கூண்டைச் சுற்றிப் புதரை வெட்டிவிடுவதும், சிந்திய தவிட்டையும் குருணையையும் மாலையிலே கூட்டி அள்ளுவதும் வேலியின் பகுதிதான். தவிட்டுக்குப் பெருச்சாளி வரும், பெருச்சாளியைத் தேடிப் பாம்பு வரும். அழகர்மலைச் சாரலுக்கே உரிய ஒரு விசேஷத் தொல்லையும் உண்டு. பக்தர் கையிலிருந்து பழப்பையைப் பிடுங்கிப் பழகிய குரங்குகளுக்கு வெறும் கொண்டியை நீக்குவது ஒரு காரியமன்று. முட்டைக்காக அவை வரும். ஆதலால் கொண்டியோடு பூட்டும் தேவை.

மேலிருந்து வரும் ஆபத்தைப் பழைய மீன்வலை ஒன்றைப் பந்தல்போல் இழுத்துக் கட்டித் தடுக்கலாம். கிழக்கே மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை, 2022 நவம்பரில், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தபோது, லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய வேட்டைப் பறவைகள் அங்கே வாழ்வதைச் சிறப்பாக எடுத்துச் சொன்னார்கள். பாறை உச்சியில் கூடுகட்டும் அவற்றுக்கும் பசியுண்டு. வீட்டு வானத்தில் செம்பருந்து வட்டமிட்டால், கள்ளழகரின் வாகனம் என்று வீட்டுக்காரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். அதே கணத்தில், இரண்டு முழம் தள்ளி, தாய்க்கோழி ஓர் அடித்தொண்டைக் குரல் கொடுத்து, குஞ்சுகளையெல்லாம் சிறகுக்குள் வாங்கிக்கொள்கிறது.

விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் சிலர் கையாளும் குறுக்குவழி. கீரி, உடும்பு, மரநாய், நரி, காட்டுப்பூனை யாவும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் அடங்கியவை. தவிர, கோழிக்கூட்டருகே வைத்த விஷத்தை அடுத்த வீட்டு நாய் தின்னாதென்று யார் ஜவாப்தாரி? வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சும் கொடுமையோ மனிதரையே பலிகொள்கிறது. விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் முறையான மின்வேலிக்கும் தமிழ்நாட்டில் 2023-இல் தனி விதிகள் வந்துவிட்டன. காப்புக்காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் வன அலுவலரிடம் அனுமதி கேட்டுப் பதிவு செய்த பிறகே அதைப் பற்றி நினைக்கலாம். பத்துக் கோழிக்கு அது வேண்டியதில்லை.

எத்தனை கெட்டியான கூண்டானாலும் பொழுது சாயும்போது அதை மூட ஓர் ஆள் வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையைவிட்டு வைகைக்குப் புறப்பட்டால் ஊரே பின்னால் புறப்பட்டுவிடுகிறது. அவர் திரும்பும்வரை பல வீடுகளில் கதவு பூட்டியிருக்கும். இந்த நாட்களுக்காகக் கோழிகளைக் கூண்டிலேயே அடைத்துவிட்டுப் போக நினைப்பவர்கள் ஒரு கோழிக்கு மூன்று நான்கு சதுர அடி இடமும், கவிழாத தண்ணீர்த் தொட்டியும், கூண்டின் மேல் கீற்று நிழலும் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்கள், திருவிழாவுக்குப் போகாமல் தங்குகிற வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த நாலைந்து நாள் முட்டை அவர்களுக்கு.