தினமும் ஆபீஸுக்கு ஸ்போர்ட்ஸ் செடான்... நம்ம ஊருக்கு செட் ஆகுமா?

செகண்ட் ஹேண்ட் கார் ஆப்பைத் திறந்தா போதும், அந்த கார் கண்ணில் பட்டுடும். பிஎம்டபிள்யூ எம்340ஐ. 2021 மாடல், சிங்கிள் ஓனர், கிட்டத்தட்ட ஒரு புது ஃபார்ச்சூனர் வாங்குற பட்ஜெட். பார்க்க நாலு கதவு, அஞ்சு சீட், டிக்கி எல்லாம் உள்ள ஃபேமிலி கார். ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சா 4.4 விநாடியில் 100 கி.மீ. வேகம். 'டெய்லி ஆபீஸுக்கே இதில் போனா என்ன?'ன்னு மனசு கேட்கத்தானே செய்யும்!

இந்த கார் ஒருவகையில் நம்ம ஊர்க்காரர். 2021 மார்ச்சில் 62.90 லட்ச ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானபோது, இந்தியாவிலேயே அசெம்பிள் ஆன முதல் 'எம் பெர்ஃபாமன்ஸ்' மாடல் இதுதான். அசெம்பிள் ஆன இடம், செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூவின் சென்னை தொழிற்சாலை. 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 387 ஹெச்பி பவர், 500 நியூட்டன் மீட்டர் டார்க். டொயோட்டா சுப்ராவில் இருப்பதும் இதே இன்ஜின் குடும்பம்தான்.

இவ்வளவு பவர் இருந்தா டிராஃபிக்கில் முரண்டு பிடிக்காதா? பிடிக்காது. 2,000 ஆர்பிஎம் பக்கத்திலேயே முழு டார்க்கும் கிடைச்சுடுறதால இன்ஜினை அலறவிட வேண்டிய அவசியமே இல்லை. 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கம்ஃபர்ட் மோடில் கிண்டி நெரிசலில்கூட சாதுவா ஊர்ந்து போகும். ஹைவேயில் ஆசை தீர ஒருதடவை மிதிச்சா, போர்டில் எழுதியிருக்கிற வேகத்தை அஞ்சு விநாடிக்குள் தொட்டுடுவீங்க. அதோட சட்டப்படியான சந்தோஷம் முடிஞ்சது!

ஆக, ஓட்டுறது பிரச்னை இல்லை. பராமரிக்கிறதுதான் விஷயம். பழசாக ஆக காரோட விலைதான் இறங்கும், பில்லோட விலை இறங்காது. பாதி விலைக்கு வாங்கினாலும் பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் அதே 60 லட்ச ரூபாய் காருக்கான ரேட்தான். இ.எம்.ஐ-யை மட்டும் கணக்குப் போட்டு இறங்குறவங்க மாட்டிக்கிற இடம் இதுதான்.

முதல் அடி டயருக்கு. இந்த ரக கார்களில் டயரோட பக்கச்சுவர் உயரம் குறைவு. வளைவில் அது வரம், பள்ளத்தில் சாபம். ஒரே ஒரு மழைக்காலப் பள்ளம், டயர் வீங்கி அலாய் வீலும் நெளிஞ்சுடலாம். கிரிப்புக்காக மென்மையான ரப்பரில் செய்த டயர்கள் சீக்கிரம் தேயவும் செய்யும். முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவுன்னு இருந்தா முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை. வேகத்தடைன்னா 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும்னு இந்தியன் ரோடு காங்கிரஸ் விதி சொல்லுது. உங்க தெருமுனையில் இருப்பது அந்த அளவில் இருக்கா? அதில் காரோட அடிவயிறு உரசாம இருக்கான்னு, வாங்குறதுக்கு முன்னாடியே அந்த காரை உங்க தெருவுக்குள்ள ஓட்டிப் பாருங்க.

மைலேஜ் பற்றி அதிகம் பேச வேண்டாம். நகர நெரிசலில் ஒற்றை இலக்கம்தான்.

சென்னைவாசிகள் கவனிக்க வேண்டியது தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ எத்தனை கார்கள் மூழ்கி நின்னதுன்னு பார்த்தோம். தரையை ஒட்டி நிற்கும் செடானுக்கு ரிஸ்க் இன்னும் கொஞ்சம் கூடுதல். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணினா சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடே வளைஞ்சுடலாம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பொதுவா இதுக்குக் காசு தராது. 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் தனியா எடுக்கணும். அதோட, நாலு வருஷம் தாண்டி அஞ்சுக்குள் இருக்கிற காருக்கு ஐ.டி.வி கணக்கிடும்போது 50% தேய்மானம் கழிப்பாங்க. கார் மொத்தமா போனா கைக்கு வருவது அந்த மீதிதான். உங்க லோன் பாக்கி அதைவிட அதிகமா இருந்தா, இல்லாத காருக்கு இ.எம்.ஐ கட்ட வேண்டிவரும்.

டெல்லியில் சீப்பா கிடைக்குதுன்னு ரீல்ஸ் பார்த்து ஃப்ளைட் ஏறாதீங்க. வெளிமாநில காருக்கு என்.ஓ.சி வாங்கி, தமிழ்நாட்டு சாலை வரியையும் கட்டி ரீ-ரெஜிஸ்டர் பண்ணணும். புது காருக்கே 20 லட்சத்துக்கு மேல்னா இங்கே 20% வரி. பழைய காருக்கு வயசைப் பொறுத்துக் குறையும், ஆனா சின்னத் தொகையா இருக்காது.

பட்ஜெட் குறைவா இருக்கிறவங்க கண் வைக்கிறது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் மேல. 2017-ல் வந்த 230 ஹெச்பி மாடல், தினசரி ஓட்ட என் சாய்ஸ். 2020-ல் வந்த ஆர்எஸ் 245 இந்தியாவுக்கே 200 கார்கள்தான், அதுவும் இறக்குமதி. அதுக்குன்னே உள்ள பம்பர், லைட் உடைஞ்சா காத்திருக்கத் தயாரா இருக்கணும்.

எந்த காரா இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு போன் பண்ணுங்க. ஒண்ணு, டயர் கடைக்கு: நாலு டயருக்கும் எவ்வளவு? இன்னொண்ணு, இன்ஷூரன்ஸ்காரருக்கு: ஆட்-ஆன் எல்லாம் சேர்த்து பிரீமியம் எவ்வளவு? நேரில் பார்க்கும்போது டயர் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நாலு எண்ணைப் படிங்க. 2321-ன்னு இருந்தா அது 2021-ம் வருஷம் 23-வது வாரத்தில் தயாரானது. மீட்டரில் 15,000 கி.மீ. மட்டுமே காட்டுற காரில் நாலு டயரும் போன வருஷத் தயாரிப்பா இருந்தா, ஏன் மாத்தினாங்கன்னு ஓனர்கிட்ட கேளுங்க.